செங்கரை முனையத்தின் மேல் ஒரு கண்

செங்கரை விமான முனையத்தில் இரண்டாவது தளம் எழும்புகிறது என்று கேள்விப்பட்ட அன்று முத்துக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. பவளத்துறை விமான நிலையத்தின் இயக்குநர் அவள். அவளுடைய முனையம் ஒரு தகரக் கொட்டகை. மழை பெய்தால் பயணிகள் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் செங்கரையிலோ கண்ணாடிக் கூரை, தானே நகரும் நடைபாதை, முனையத்துக்குள்ளேயே ஒரு தாமரைக் குளம். அங்கே இயக்குநர் ஞானசெல்வி. கல்லூரி விடுதியில் முத்துக்கனியோடு ஒரே அறையில் இருந்தவள், கணக்குப் பரீட்சையில் இவளைப் பார்த்து எழுதித் தேறியவள். அதுதான் தாங்க முடியவில்லை. வேறு யாராவது கட்டியிருந்தால் கட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

எல்லாம் ஏக்கமானி செய்கிற வேலை. முன்னெல்லாம் விமான நிலையத்தை விரிவாக்கக் கடன் கேட்டால், வருங்காலத்தில் எவ்வளவு பயணிகள் வருவார்கள் என்று வங்கிகள் அறிக்கை கேட்கும். நிலையக்காரர்களும் வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுப்பார்கள். அதை நம்பிக் கட்டிய முனையங்களில் பாதி, வௌவால் அடைந்து கிடந்தன. கையைச் சுட்டுக்கொண்ட வங்கிகள் மனிதன் பேச்சை விட்டுவிட்டு அவன் நெஞ்சையே அளக்கத் தொடங்கின. தெருவிளக்குக் கம்பங்களில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கருவி. கீழே நடமாடுகிறவர்களின் நாடியையும் மூச்சையும் எட்ட இருந்தே பிடித்து, ஊர் மொத்தமும் எவ்வளவு ஏங்குகிறது என்று கூட்டிச் சொல்லிவிடும். ஏங்கினவன் வருவான், வந்தவன் செலவழிப்பான், கடன் அடையும். வங்கியின் நியாயம் அவ்வளவுதான். புதுக் கட்டடங்களில் திருஷ்டி பொம்மை கட்டுகிற வழக்கமே இதனால் ஒழிந்துபோயிற்று. கண் பட்டால்தானே காசு வரும்!

பவளத்துறையில் மட்டும் ஏக்கமானியின் முள் அசையவில்லை. கடலுக்குப் போனோமா, வந்தோமா, படுத்தோமா என்று இருக்கிற ஊர். கொட்டகை ஒழுகினால் உள்ளேயே குடையை விரித்துக்கொண்டு விமானத்துக்குக் காத்திருப்பார்கள். வங்கிகளின் கூட்டுக்குப் பொறுப்பான அதிகாரி அந்தோணிராஜ் கையை விரித்துவிட்டார். பொங்கலுக்குள் முள் ஏறாவிட்டால் பவளத்துறையை மறந்துவிடுவோம், இந்தத் தலைமுறையில் திரும்பிப் பார்க்க மாட்டோம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அப்போதுதான் முத்துக்கனி ஒன்றைக் கவனித்தாள். அலுவலக வாசல் கம்பத்தை அவள் கடக்கும்போதெல்லாம் கருவி லேசாக முனகியது. ஊரில் வேறு யாருக்கும் அது வாய் திறக்கவில்லை. செங்கரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த வயிற்றெரிச்சல் அது! வங்கிக்காரன் ஏக்கம் என்று நாகரிகமாகச் சொல்வதும் இதைத்தான் என்று அவளுக்கு உறைத்தது. ஒருத்தி வயிறு எரிந்ததற்கே முனகுகிறது என்றால், ஊரே எரிந்தால்?

தெற்குப் பக்கத்தில் யாராவது புது வீட்டுக்குப் பால் காய்ச்சினால் தெருவே போய் அறை அறையாகப் பார்க்கும். ஜன்னல் கம்பியைக்கூட விடாமல் தடவிப் பார்த்து, வாயாரப் பாராட்டிவிட்டு, வீடு திரும்பியதும் சொந்தச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடும். புருஷனோடு சண்டையும் பிடிக்கும். முத்துக்கனி இதை நம்பித்தான் காரியத்தில் இறங்கினாள். கூரையை ஒட்டுப்போட வைத்திருந்த பணத்தில் பேருந்து பிடித்து, ஆட்களைத் தெருத் தெருவாக ஏற்றிச் செங்கரை முனையத்தைப் பார்க்க அனுப்பினாள். மீன் விற்கிறவர்கள், டீச்சர்கள், உப்பளத்து ஆட்கள், ஒருவரையும் விடவில்லை. ஞானசெல்வியே வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்றாளாம். எத்தனை நாளைக்கு இந்தச் சிரிப்பு என்று பார்க்கிறேன் என்று முத்துக்கனி கறுவிக்கொண்டாள்.

போய் வந்தவர்கள் பழைய ஆட்களாக இல்லை. டீக்கடையில், மீன் ஏலத்தில், கோயில் வரிசையில், எங்கு பார்த்தாலும் செங்கரைப் பேச்சு. ஆகாயத்தை அண்ணாந்துகூடப் பார்க்காதவர்கள் டிக்கெட் விலை விசாரித்தார்கள். கம்பங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு முனகின. முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட அன்று முத்துக்கனி ஊழியர்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தாள்.

அந்தோணிராஜ் நேரிலேயே வந்தார். இவ்வளவு ஏங்குகிற ஊரை வாழ்நாளில் பார்த்ததில்லை, எல்லா வங்கிகளும் சம்மதித்துவிட்டன என்றார். அவள் பூரித்துப்போய், வேலையை எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள். அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

“மேடம், கடன் உங்களுக்கு இல்ல. செங்கரைக்கு.”

எங்கள் ஊர் முள் ஏறியதற்கு அவளுக்கா கடன் என்று முத்துக்கனி எழுந்தே விட்டாள்.

“ஏக்கத்துக்குத் திசைன்னு ஒண்ணு இருக்கு மேடம். உங்க ஊர்க்காரங்க யாரும் இங்க ஒரு முனையம் வேணும்னு ஏங்கல. அந்த முனையத்துக்குப் போகணும்னுதான் ஏங்குறாங்க.”

மெல்ல மெல்லத்தான் மற்றதைச் சொன்னார். செங்கரையில் முள் எப்போதோ படுத்துவிட்டதாம். கிடைத்துவிட்ட பிறகு எவன் ஏங்குவான்? வங்கிகள் அடுத்த தவணையை நிறுத்திவிட, இரண்டாவது தளம் பூசாமல் கொள்ளாமல் நின்றிருக்கிறது. ஞானசெல்வியை வேலையிலிருந்து தூக்குவதாகக்கூட இருந்தார்கள். பவளத்துறையின் ஏக்கம்தான் அவளைக் காப்பாற்றியது.

“இன்னொரு நிபந்தனை மேடம். கடன் அடையுற வரைக்கும் இங்க ஒரு செங்கல் வைக்கக் கூடாது, கூரையையும் மாத்தக் கூடாது. உங்க ஜனங்க ஏங்குறதுதான் பிணை. அது குறைஞ்சா அங்க கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுடுவோம்.”

அவர் காரை வரச்சொல்லிவிட்டு வெளியே போன கையோடு ஞானசெல்வி தொலைபேசியில் வந்தாள். குரல் உடைந்திருந்தது.

“ஏட்டி கனி, நீ மட்டும் பஸ் விடலைன்னா என்னைய நடுத்தெருவுல நிறுத்தியிருப்பாவட்டி. சாகுத மட்டும் மறக்க மாட்டேன்.”

முத்துக்கனி நல்லா இரு என்று சொல்லி வைத்துவிட்டாள். பற்றிக்கொண்டு வந்தது. தன் நெருப்பில் அல்லவா அவள் பொங்கிச் சாப்பிடுகிறாள்!

பிறகுதான் வழி தெரிந்தது. பவளத்துறையின் எரிச்சல் அணைந்தால் செங்கரையின் கடன் கவிழ்ந்துவிடும். ஊரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தன் வயிறு குளிர வேண்டும். முத்துக்கனி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஞானசெல்வி நல்லா இருக்கட்டும், அவள் கூரை நல்லா இருக்கட்டும், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று மனதாரச் சொல்லிப் பார்த்தாள். நெஞ்சு கொஞ்சம் லேசாகக்கூட ஆயிற்று. இப்படியே அணைந்துவிட்டால் அந்தக் கண்ணாடிக் கூரையோடு அவள் தெருவுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தபோது நாக்கில் தேன் தடவினதுபோல் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வாசல் கம்பம் அவள் நாடியைப் பிடித்து முனக ஆரம்பித்தது. வரவர ஓங்கி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதன் அடியில் காருக்காகக் காத்திருந்த அந்தோணிராஜ் அண்ணாந்து பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.