வன்னிப் படத்தில் கிடந்தவள்

2009 ஏப்ரல். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், காலை பதினோரு மணிக்கு, பிரபாவதி, லோகநாயகியின் வீட்டுக்குள் நுழைந்தாள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. உள்ளே கருவாட்டு வாடை. அதற்கடியில், வெகுநாள் காயாத துணியின் வாடை.

நாவலூரில் ஓர் இணையச் செய்தித் தளத்தில் பிரபாவதிக்கு வேலை. 'வன்னியில் குண்டுவீச்சு, குழந்தைகள் பலி' என்று இரண்டு நாட்களாக எங்கும் சுற்றிய படம் உண்மைதானா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மணலில் ஏழு உடல்கள். பெரிதாக்கிப் பார்த்தபோது, பின்னால் கவிழ்ந்திருந்த படகில் இந்தக் குப்பத்தின் பெயர் தெரிந்தது. இங்கே வந்து விசாரித்தாள். ஓரத்தில் கிடந்த சிறுமியைப் பார்த்ததும் இந்த வீட்டைக் கைகாட்டினார்கள்.

மடிக்கணினியைத் திறக்கக் கை வரவில்லை.

"காட்டு பாப்பா. எல்லாத்தையும் ஒரே குழியில பொதைச்சாங்க. எம் பொண்ணு அதுல இல்லன்னுட்டாங்க. நாலு வருசமா கரையில தேடிகினு கீறேன்."

காட்டினாள். லோகநாயகி அழவில்லை. முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள்.

"இவதான். வேண்டா."

"அது பேராம்மா?"

"நாலாவதும் பொண்ணுன்னு அவங்கப்பன் வெச்சது. நான் வேணும்னுதான் பெத்தேன்."

திரையில் அந்த ஈரத் தலையை விரலால் கோதினாள்.

"இங்க இன்னாடி பண்ற? வூட்டுக்கு வா."

மாலையில் அலுவலகம் திரும்பிய பிரபாவதி எழுதினாள்: 'இது போர்ப் படம் அல்ல. 2004 சுனாமியில் எடுத்தது.' வன்னியில் அன்றும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். படம் பொய் என்பதால் அது பொய்யாகிவிடாது என்பதையும் சேர்த்தாள். பிறகு படத்தை இணைக்கத் திறந்தாள்.

ஆறு உடல்கள்.

மின்னஞ்சலில் வந்த மூலப் படத்தைத் திறந்தாள். அதைப் போட்டிருந்த வேறு மூன்று தளங்களையும் பார்த்தாள்.

எல்லாவற்றிலும் ஆறு.

ஓரத்தில், ஒரு சின்ன உடம்பின் அளவுக்கு மணலில் பள்ளம். அங்கிருந்து படத்தின் விளிம்புவரை ஈரக் காலடிகள்.

கைப்பேசி அடித்தது. லோகநாயகியின் எண்.

"அம்மா?"

லோகநாயகி பேசியது இவளிடம் அல்ல.

"மெதுவா துன்னு கண்ணு. இன்னும் சோறு கீது."

தொடர்ந்து யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. நறநறவென்று, வாய் நிறைய மணலோடு.