அசையாத தொண்ணூற்றேழு

மழை பிடித்ததிலிருந்து அந்த எண் மாறவே இல்லை. சமையலறை மேடையில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் தொண்ணூற்றேழு என்று பச்சையாக நின்றது. நல்ல எண்தான். நிமோனியாவோடு உள்ளறையில் படுத்திருக்கும் மகளின் விரலில் மாட்டிய கிளிப், அவள் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அனுப்பிக்கொண்டே இருக்கும்; அது குறைந்தால் இந்தக் கைபேசியும் சுகாதார அலுவலகத்தின் கண்காணிப்பு அறையும் ஒன்றாக அலறும். ஆனால் உயிருள்ள உடம்பின் எண் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராது. ஒன்று ஏறும், இரண்டு இறங்கும், இருமினால் துள்ளும். அதே கண்காணிப்பு அறையில் மூத்த நர்ஸாக இருப்பவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போய் எட்டிப் பார்த்தாள். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே கிளிப்பின் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கணவர் வேலை முடிந்து வர இன்னும் நேரமிருந்தது. வீணாக மனசைக் குழப்பிக்கொள்கிறோம் என்று திரும்பி வந்து பாத்திரத்தைத் துலக்கினாள்.

மனசு குழம்பாமல் என்ன செய்யும்?

அலுவலகத்தில் அவளுக்கு ஓடிபி அக்கா என்று பெயர். கண்காணிப்பு அறைக் கணினிக்குள் நுழையத் தேவையான ஓடிபி எண் அவள் கைபேசிக்குத்தான் வரும். ஆளுக்கொரு கணக்கு கேட்டு மேலிடத்துக்கு எழுதி அலுத்துப்போய், எல்லோரும் அவள் கணக்கிலேயே காலம் தள்ளினார்கள். அவள் குளித்துக்கொண்டிருந்தாலும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டிருந்தாலும் போன் வரும். "யாரிடமும் பகிராதீர்கள்" என்று தலையில் அடித்துக்கொள்ளும் அந்தச் செய்தியைத் திறந்து, ஊருக்கே கேட்கும்படி எண்ணைப் படிப்பாள். போன மாதம் ஒருநாள், "அக்கா, புதுசா சேர்ந்த பொண்ணு பேசறேன், ஓடிபி சொல்லுங்க" என்றது ஒரு குரல். குரல் கொஞ்சம் வேறாகத்தான் இருந்தது. ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்து எண்ணைச் சொல்லிவிட்டாள்.

அந்த எண்ணை வைத்து யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள். கண்காணிப்புத் திரை அணைந்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அது கடைசியாக வந்த எண்களையே காட்டிக்கொண்டு உறைந்து நின்றது. அன்று பணியில் இவள்தான். விரலில் இதே போன்ற கிளிப்போடு தனியாக வசித்த தையல்கார அம்மா போன் செய்தாள்.

"நெஞ்ச அடைக்குதும்மா. மூச்சே விட முடியல."

"உங்க நம்பர் நல்லா இருக்கும்மா. பயப்படாம படுங்க."

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பிணத்தை எடுத்தார்கள். விசாரணை வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்தான் அக்காவின் போனை எடுத்துப் பார்த்து யாருக்கோ சொல்லியிருப்பாள் என்று எல்லோரும் சொன்னபோது, இவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் செய்தாள், தலையைத்தான் ஆட்டினாள். "நீங்களாவது நம்புறீங்களாக்கா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு அந்தப் பெண் வேலையை இழந்து போனாள்.

மின்சாரம் போயிற்று. இருட்டோடு சேர்ந்து, ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தத்துக்கும் ஈரச் சுவரின் பூஞ்சை வாடைக்கும் நடுவே, இந்த வீட்டில் என்றைக்கும் இல்லாத ஒரு வாசனை உள்ளறையிலிருந்து வந்து அவள் மூக்கைத் தொட்டது. புதுத்துணி. மெஷின் எண்ணெய்.

"அம்மா..."

மகள்தான்.

"அம்மா, மூச்சு முட்டுது."

ஓட வேண்டிய கால்கள் நின்றன. கண் முதலில் கைபேசிக்குப் போனது. தொண்ணூற்றேழு. தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. நடந்துகொண்டே கண்காணிப்பு அறைக்குப் போன் போட்டாள்.

"என் பொண்ணுக்கு மூச்சுத் திணறுது. உடனே ஆம்புலன்ஸ் அனுப்பு."

"இருங்கக்கா, பாக்கறேன்." பணியில் இருந்த நர்ஸ் கொட்டாவி விட்டாள். "தொண்ணூத்தேழு இருக்கேக்கா. ரொம்ப நல்லா இருக்கா. நீங்க பயப்படாம படுங்க."

"நம்பரப் பாக்காத! அனுப்பு!"

அறை இருட்டு. கிளிப்பின் சிவப்பு மட்டும் தெரிந்தது. அது தலையணைப் பக்கம் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தாழ்வாக.

டார்ச்சைப் போட்டாள்.

மகள் மல்லாந்து கிடந்தாள். இரண்டு கைகளும் கழுத்தைப் பிடித்திருந்தன. பத்து விரலும் வெறும் விரல். உதடு நீலம்.

சுவர்ப்பக்கம் போர்வைக்கு அடியிலிருந்து இன்னொரு கை நீண்டிருந்தது. காய்ந்த கை. விரல் நுனி முழுக்க ஊசி குத்திய தழும்பு. அதன் விரலில்தான் கிளிப்.

பாய்ந்து பிடித்து இழுத்தாள். ஐஸ். கிளிப் வரவில்லை. அந்தக் கை இவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. உதறினாள். விடவில்லை. மகளை ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நான்தான்!" என்று கத்தினாள். "நான்தான் ஓடிபி சொன்னேன். அந்தப் பொண்ணு இல்ல. நான்தான் உங்கள படுக்கச் சொன்னேன். இவ என்ன செஞ்சா? இவள விட்டுடுங்கம்மா!"

"அக்கா?" என்றது போன். "யார்கிட்டக்கா பேசறீங்க?"

பிடி தளர்ந்தது.

காய்ந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. கை மெதுவாகத் திரும்பியது. போர்வை மேல் ஊர்ந்து போய், ஏறி இறங்குவதை நிறுத்திவிட்ட மகளின் நெஞ்சில் படிந்தது. குழந்தையைத் தூங்க வைப்பதுபோல மெல்லத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.