கருவாட்டு பிக்கப் நின்ற இடம்

1993, ஆவணி. புதன்கிழமை காலை 9.10.

கொட்டாஞ்சேனையில் பொலிஸ் நிலையத்தின் பின்முற்றம். தடுத்து வைத்த பிக்கப் வெயிலில் நின்றது. நாலு சிலிண்டர், பெற்றோல் எஞ்சின், பழையது. பெட்டிப் பலகையில் கருவாட்டு உப்பு ஊறியிருந்தது. ஈக்கள் மொய்த்தன.

மோட்டார் வாகனப் பரிசோதகர் தாஸிம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். நாற்றம் பிக்கப்பிலிருந்து மட்டும் வரவில்லை. முற்றத்தின் ஓரத்தில் ஒரு பூட்டிய அறை. உள்ளே பிக்கப்பின் சொந்தக்காரன் சின்னராசா இருந்தான்.

"ஒண்டும் பழுதில்ல எண்டு எழுதுங்க மாத்தயா," என்றார் சார்ஜன்ட் ஹெக்டர். "நாலு மணிக்கு ஆள மேல அனுப்புறது."

மேலே விசாரணைக்குப் போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. இருவருக்கும் அது தெரியும்.

நடந்தது இதுதான். சின்னராசா பாமன்கடையில் குடியிருப்பவன்; அங்கிருந்து துறைமுகத்தடிக்குக் கருவாடு ஏற்ற வருகிறவன். சனிக்கிழமை, துறைமுகத்தடிக் காவலரணுக்கு முன்னால் பிக்கப் நின்றுபோனது. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது, ஒன்றும் திருத்தாமலே ஸ்டார்ட் ஆனது. திங்களும் அதே இடத்தில் நின்றது. கராஜிலிருந்து மெக்கானிக் பௌஸி பாஸ் வந்து பிளக்கும் பொயின்ட்ஸும் மாற்றினார். ஓடியது. செவ்வாய் மறுபடியும் நின்றது. இந்த முறை ஆமிக்காரர்கள் சோதித்தார்கள். பொனட்டைத் திறந்தார்கள். இருக்கையைக் கிழித்தார்கள். பெற்றோல் தாங்கியின் மூடியைக் கழற்றிக் கம்பி விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிப்பாய் சாவியைத் திருப்பினான். உடனே ஸ்டார்ட் ஆனது.

"ஆமி கை வச்சா ஓடுது. அவன் கை வச்சா நிக்குது," என்றார் ஹெக்டர். "வேவு பாத்தது. நடிப்பு."

தாஸிம் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சீராக ஓடியது. ஹெக்டர் சிரித்தார்.

"நிப்பாட்ட வாணாம்," என்றார் தாஸிம். அக்சிலேட்டரில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு இறங்கினார்.

9.50. எஞ்சின் இருமியது. திணறியது. நின்றது.

ஹெக்டரின் சிரிப்பும் நின்றது. தாஸிம் தாங்கியின் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது.

"மூடியில ஒரு சின்ன ஓட்டை ஈக்கோணும். பெற்றோல் கொறையக் கொறைய அதால காத்து உள்ள போற. ஓட்டை அடைபட்டா பெற்றோல் வராது. கன நேரம் விட்டா காத்து மெல்லக் கசிஞ்சு வரும். மூடியத் தொறந்தா வரும். உங்கட ஆமி தொறந்த, அதான் ஓடின. பாமன்கடையில இருந்து துறைமுகத்துக்கு வரவும் இந்த நாப்பது நிமிசம்தான், அதான் அதே இடத்துல நிண்ட."

மூடியின் நடுவில் ஓட்டை இல்லை. ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டினார். சந்தனத்துக்குக் கீழே, ஓட்டையை அடைத்து மெழுகு.

"இவங்கட ஆக்கள் வாகனத்துக்குப் பொட்டு வைக்கிறதுதானே," என்றார் ஹெக்டர்.

"பொனட்டுல எங்க?"

பொனட்டில் பழைய பொட்டின் மங்கிய வட்டம் மட்டுமே இருந்தது.

வாசலில் சோற்றுப் பார்சலோடு ஒரு பெண் நின்றாள். சின்னராசாவின் மனைவி கனகேஸ்வரி. நெற்றியில் திருநீறு இல்லை. தாஸிம் மூடியைக் காட்டினார்.

"தங்கச்சி, இந்தப் பொட்டு யாரு வச்ச?"

அவள் உற்றுப் பார்த்தாள். "நாங்கள் இல்லை ஐயா. எங்களுக்குத் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. இவற்ற அம்மா யாழ்ப்பாணத்தில செத்துப்போனா. செஞ்சிலுவைக் கடிதம் போன புதன்தான் வந்தது. அண்டைக்கே சாமியறையைப் பூட்டிப்போட்டம். முப்பத்தொராம் நாள் முடியுமட்டும் பொட்டும் இல்லை, கோயிலும் இல்லை."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மேல்மாடி ஐயா அறிஞ்சா கிணத்தடிக்கு வரவிடார். வீடும் கிணறும் அவற்றதான், நாங்கள் கீழ வாடகைக்கு."

"பிக்கப் ராவுல எங்க நிக்கிற?"

"அவற்ற ஜன்னலுக்குக் கீழ. கேற்றைப் பூட்டிப்போடுவம்."

11.40. பாமன்கடை. தாஸிமும் ஹெக்டரும் மாடி ஏறினார்கள். நமசிவாயம், ஓய்வுபெற்ற தபாலதிபர், மேல்மாடி விறாந்தையில் இருந்தார். நெற்றியில் மூன்று குறி, நடுவில் சந்தனம். கிளாஸில் தண்ணீர் கொடுத்தார். தாஸிம் அதைக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாவம் பொடியன்," என்றார் நமசிவாயம். "கனகேஸ்வரிக்குக் கோயில் திருநீறு கொண்டுபோய்க் குடுத்தனான். வாங்கிறாளில்லை. சோகம்."

"கருவாட்டு மணம் மேலுக்கு வருமா ஐயா?"

"வருமாவோ? சாமியறைக்குள்ள வருது தம்பி. நான் மச்சம் மாமிசம் தொடாதவன். வேற இடத்தில விடு எண்டு எத்தினைதரம் சொன்னன்."

"அவரு வாகனத்துக்குப் பொட்டு வைக்கிறவரா?"

"ஓம், ஒவ்வொரு வெள்ளியும். உள்ளதைச் சொல்லோணும், பக்தி இருக்கு."

"போன வெள்ளி?"

"வைச்சவன். பெற்றோல் மூடியிலகூட வைச்சவன். நான் இதில இருந்து கண்டனான்."

தாஸிம் ஹெக்டரைப் பார்த்தார். பிறகு நமசிவாயத்தை.

"போன வெள்ளி அந்த வீட்டுல துடக்கு ஐயா. சாமியறை பூட்டு. பொனட்டுல பொட்டில்ல, மூடியில மட்டும் ஈக்கி. துடக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் அத வைக்கமாட்டாங்க. தெரியாதவருதான் வச்ச. கீழ மெழுகு, மேல சந்தனம். கேற்றுக்கு உள்ளுக்கு ஈக்கிற தெரியாதவரு நீங்க ஒராள்தான்."

நமசிவாயம் எழுந்தார். முகம் சுருங்கியது. அது பயத்தால் அல்ல.

"துடக்கோடயோ," என்றார், "என்ர கிணத்தில தண்ணி அள்ளினவை?"

கீழே ஒரு வாளி கிணற்றுக் கட்டில் முட்டிய சத்தம் கேட்டது.

"வாகனம் பழுதாப்போனா வேற இடத்தில விடுவான் எண்டு செய்தனான்," என்றார். "பிடிப்பாங்கள் எண்டு ஆர் கண்டது?"

"நேத்துப் புடிச்சாங்க. இண்டைக்குக் காலையிலயாவது சொல்லியிருக்கலாம்."

"என்னையெல்லோ பிடிப்பாங்கள் தம்பி."

தாஸிம் கிளாஸை அப்படியே தரையில் வைத்தார். அதிலிருந்து ஒரு மிடறுகூடக் குறையவில்லை.

ஹெக்டர் தொப்பியைப் போட்டார். "உடுப்பு மாத்துங்க. போவம்."

"குளிச்சிட்டு வாறன்," என்றார் நமசிவாயம். பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தார். குளிக்கவில்லை.

3.35. பூட்டிய அறை திறந்தது. சின்னராசா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். இடது காலை ஊன்ற முடியவில்லை. தாஸிம் அவனிடம் புது மூடியைக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னார்.

அவன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேற வீடு பாருங்க," என்றார் தாஸிம்.

"இப்ப பொலிஸ் பிடிச்ச ஆள் நான். தமிழனுக்கு ஆர் ஐயா வீடு தருவினம்?" என்றான் சின்னராசா. "போய் அந்தக் கிணத்திலதான் குளிக்கோணும்."

பிக்கப் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. வழியில் எங்கும் நிற்கவில்லை.