இவனைக் கூட்டிட்டுப் போ

டாக்சி வாசலில் நின்றதும் அவள் கணவன் குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான். அவள் இறங்கி, அப்பா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்து, "வாங்கப்பா, வீடு வந்தாச்சு" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் இறங்கினார். படி ஏறுங்கள் என்றதும் ஏறினார். சோபாவில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். சட்டையில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"பரவாயில்லையே! மாமா இவ்வளவு சாதுவா வந்து சேருவாருன்னு நான் நினைக்கவே இல்ல" என்றான் அவன், பெட்டிகளை இழுத்தபடி.

அவளுக்கு நெருடியதும் அதுதான்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு தெருக்கோடியில் இருப்பவனை வம்புக்கு இழுக்கிற ஆள். ஊரில் தனியாக இருந்தவருக்கு மறதி நோய் வந்த பிறகும் வாய் மட்டும் ஓயவில்லை. பெற்ற மகளைப் பார்த்து, "யாரும்மா நீ, மீட்டர் பாக்க வந்தியா?" என்று கேட்பார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். காணாமல் போய்விடுவார்; யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருந்த அக்காதான் மாடி ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டாள். அவளும் எத்தனை காலம்தான் பார்ப்பாள்? இனி தாங்காது என்று தெரிந்த பிறகுதான், கூடவே கூட்டிவந்து வைத்துக்கொள்வது என்று மகள் முடிவு செய்தாள்.

கிளம்பும் அன்று மனிதர் வீட்டையே இரண்டாக்கிவிட்டார். நிலைக்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் வரமாட்டேன்" என்றார். கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று. கடைசியில் சலித்துப்போனவர் போலப் பிடியை விட்டார். தன் மார்பைத் தானே ஒரு விரலால் தொட்டுக் காட்டினார்.

"வேணும்னா இவனைக் கூட்டிட்டுப் போ."

தையலக்கா சிரித்துவிட்டாள். மகளுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே வந்தும் பேசவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தார். உப்பே போடாமல் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் தின்றார். சோபாவின் நடுவில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்ப்பார். அவள் குறுக்கே போனாலும் கண் அசையாது. தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது ஒருநாள் முகர்ந்து பார்த்தாள். புகையிலையும் ரப்பர் கையுறையும் கலந்த அப்பாவின் வாசனை அதில் துளியும் இல்லை. வெகுகாலம் பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடைதான் அடித்தது.

டாக்டர் ஆறுதலாகத்தான் பேசினார். இடம் மாறினால் இந்த நோய் சட்டென்று முற்றுவது உண்டாம். பழகிக்கொள்ள வேண்டியது நாம்தானாம்.

பழகிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் காலை அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலி என்று முனகவில்லை. ஆனாலும் இடுப்பு ஒடிந்திருக்குமோ என்று பயந்து தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். அங்கே எக்ஸ்ரே எடுப்பதுதான் அவள் வேலை. அவளே அவரைப் பலகையில் படுக்கவைத்து, அவளே படம் எடுத்தாள்.

திரையில் வலது தொடை எலும்பு வெள்ளை வெளேரென்று விரிந்தது. முறிவு எதுவும் இல்லை.

கம்பியும் இல்லை.

அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பா மின்கம்பத்திலிருந்து விழுந்து அந்த எலும்பு நொறுங்கியது. நீளமாக ஒரு ஸ்டீல் கம்பி வைத்துத்தான் ஒட்டினார்கள். அன்றிலிருந்து வலதுகாலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். தோலின் மேல் தழும்பு அப்படியே இருந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் வெறும் எலும்பு.

டாக்சியிலிருந்து இறங்கிய நாள் முதல் அவர் காலை இழுக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வேற யாரோட படமாவது மாறிப்போயிருக்கும்" என்றான் கணவன்.

"நானே எடுத்தேங்க."

அவன் சோபாவைப் பார்த்தான்.

அந்த வாரமே தையலக்கா போன் செய்தாள். எடுத்த எடுப்பில் சண்டைக்கு வந்தாள்.

"ஏம்மா, அப்பாவைத் திரும்பக் கொண்டாந்து விட்டுட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னக்கா சொல்றீங்க? அப்பா இங்க என் முன்னாடிதானே உக்காந்திருக்காரு."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"அப்போ மேல நடக்கறது யாரு?"

"எலியா இருக்கும்க்கா."

"எலி காலை இழுத்துக்கிட்டா நடக்கும்?"

அக்கா துணிச்சல்காரி. போனைக் கையில் பிடித்தபடியே மாடி ஏறினாள். பூட்டு பூட்டியபடி தொங்குகிறது என்றாள். போனைக் கதவிடுக்கில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கால் ஊன்றும் ஓசை. இன்னொரு கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் ஓசை.

ஊன்றல். தேய்ப்பு.

கிட்டே வந்தது.

"வாயாடி... நீயாடி?"

அவளை அப்படிக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். அந்தப் பெயரை அவர் மறந்தே பல காலமாயிற்று. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் தேம்பினாள். எதிரே சோபாவில் இருந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லீவு போட்டுக் கிளம்பினாள். "பேயைப் பாக்கவா இவ்வளவு தூரம் போற?" என்று தடுத்தான் கணவன். "பேய் இல்லங்க. எங்கப்பா" என்றாள்.

போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். தையலக்கா சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். சாத்திய ஜன்னல்கள். இருட்டும் புழுக்கமும். கூடவே, தொண்டையை அடைக்கிற மாதிரி, புகையிலை வாசனை.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"திறக்காதே" என்றது உள்ளிருந்து குரல். "அங்கேயே உக்காரு. என்னைப் பாக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

அவள் தரையில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள். பயம் என்னவோ வாசலோடு நின்றுவிட்டது. அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சின்ன வயதில் அவள் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு ஊரைக் கூட்டியது. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கேட்டது. மருமகனுக்கு முதுகு வலி தேவலையா என்றுகூட விசாரித்தார். "முதுகுன்னு ஒண்ணு இருந்தாத்தானே வலிக்கும், உன்கிட்ட குனிஞ்சே தேஞ்சிருக்கும்" என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

வெயில் இறங்கத் தொடங்கியதும் மெல்லக் கேட்டாள். "என்கூட வந்துடுங்கப்பா."

"எங்க வரது? அங்கதான் ஒருத்தன் உக்காந்திருக்கானே."

"அது யாருப்பா?"

உள்ளே கால் ஒருமுறை தரையில் தேய்ந்தது.

"என்னைக் கேட்டா? நீதானே கூட்டிட்டுப் போன."

அவள் கைபேசி அடித்தது. கணவன். கிசுகிசுப்பாகத்தான் பேசினான்.

"மாமா எந்திரிச்சு நிக்கறாரு. நான் ஒண்ணும் சொல்லல, தானாவே எந்திரிச்சாரு. வாசக்கதவையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. யாரோ வரப்போற மாதிரி. எனக்குப் பயமா இருக்கு. வந்துடு."

வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் எழ முடியவில்லை. இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற குரலை விட்டுவிட்டு, அந்தச் சோபாவுக்குச் சோறூட்டப் போக வேண்டும். சாகிற வரைக்கும்.

"எனக்குப் போக மனசில்லப்பா" என்றாள்.

உள்ளே கால் தேய்கிற ஓசை பதறிக்கொண்டு கதவருகே வந்தது.

"அப்படிச் சொல்லாதே! வாயாடி, சொன்னாக் கேளு. போறதுன்னா முழுசாப் போ. இங்க எதையும் விட்டுடாதே."

அவள் கதவில் கன்னத்தை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்தாள். படி இறங்கும்போது உடம்பு விநோதமாக லேசாக இருந்தது. பூட்டினாளா என்று தையலக்கா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

விமான நிலையத்திலிருந்து தனியாகவே வந்து சேர்ந்தாள். கணவன் கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லவேளை, வந்துட்ட. அங்க மாமா என்ன சொன்னாரு? பேசினீங்களா?"

"பேசினோம்."

"என்ன பேசினீங்க?"

யோசித்தாள். போனது தெரிந்தது. தரையில் உட்கார்ந்தது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

அவன் அவள் கையை விட்டான். மெல்லத்தான் விட்டான்.

"ஏன் இப்படிப் பாக்கற?" என்றான்.

அப்போது போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அவன்தான் எடுத்தான். தையலக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தம்பி, அவ இன்னும் ஊருக்குக் கிளம்பலையா? கார்ல ஏறினதை நான் என் கண்ணால பாத்தேனே! மேல அப்பாவும் மகளும் போடுற கும்மாளத்துல என்னால மிஷின்ல உக்கார முடியலப்பா. இதோ, நீயே கேளு."

போனுக்குள் தொலைவில், ஒரு மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணவன் பின்வாங்கிச் சுவரில் போய் முட்டினான்.

சோபாவில் இருந்தவர் தலையைத் திருப்பினார். வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

யாரும் சொல்லாமலேயே அவள் போய் உட்கார்ந்தாள்.