உள்ளே தைத்த துணி

மகனை முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள் என்ற மாமியாரின் அர்ச்சனை, அன்றும் காலைக் காப்பியோடு தொடங்கியது.

மருமகள் காதில் விழாததுபோலப் பாத்திரம் தேய்த்தாள். அவள் கணவன் நீச்சல் பயிற்சியாளன். சில மாதங்களாகக் குளத்தில் இறங்காமல், கரையில் நின்றே விசில் ஊதுகிறான். இறங்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறோம் என்று வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிட்டார்கள். பெண்டாட்டிதான் சந்தேகப்பட்டுத் தடுக்கிறாள் என்பது மாமியாரின் தீர்ப்பு.

உண்மை வேறு. அவன் மார்பு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. புற்றுநோயோ என்ற பயம் ஒருபுறம், நாலு பேர் சிரிப்பார்களே என்ற வெட்கம் மறுபுறம். டாக்டரிடம் வர மறுத்துவிட்டான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியமும் வாங்கியிருந்தான். அவளால் முடிந்தது ஒன்றுதான். அவன் சட்டைகளுக்கு உள்ளே, மார்புக்கு நேராக, இன்னொரு துணி வைத்துத் தைத்தாள். கூடவே தன் வாயையும் தைத்துக்கொண்டாள்.

அன்று இஸ்திரி போட்டது மாமியார். பெட்டி மார்புப் பக்கம் தட்டியது. சட்டையை உள்புறம் திருப்பிப் பார்த்தார். திட்டு பாதியில் நின்றது.

"ரெண்டு பக்கமுமா?" என்று மெல்லக் கேட்டார்.

மருமகள் சட்டையை வாங்கி மடித்தாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதாக மட்டும் சொன்னாள்.

"நானும்தாம்மா செஞ்சிருக்கேன்..."

மாமியாரின் பார்வை கூடத்துக்குப் போனது. அங்கே அந்தப் புழுக்கத்திலும் இரண்டு பனியனும் மேலே சட்டையுமாக மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றே நால்வரும் டாக்டரம்மாவின் முன்னால் இருந்தார்கள். அம்மா பிடித்தால் உடும்புப்பிடி. மகன் வந்துதான் ஆகவேண்டியிருந்தது. டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். வெறும் கொழுப்பில்லை, காம்புக்கு அடியில் ரப்பர் போலச் சுரப்பித் திசு வளர்ந்திருக்கிறது என்றார். வலது, இடது என்று தனித்தனியாக அளந்து எழுதினார். வலி உண்டா, கசிவு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முகம் விழாமல் படமும் எடுத்தார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

இல்லை என்று மகன் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"எனக்கு இருக்கு டாக்டர். அதையும் எழுதிக்குங்க."

மகன் திரும்பிப் பார்த்தான். மாமனார் கூச்சத்தோடு சிரித்தார். "உனக்குச் சொத்துன்னு ஒண்ணும் வைக்கலையேன்னு கவலைப்பட்டுட்டிருந்தேன்டா."

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்தன. புற்றுநோய் இல்லை. ஆண்கள் பலருக்கும் வருவதுதான். உறுத்தலாக இருந்தால் அறுவை சிகிச்சை செய்யலாம், இல்லாவிட்டால் அப்படியே விடலாம் என்றார் டாக்டரம்மா. மறுநாள் அவன் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் குளத்தில் குதித்தான். நீச்சலே தெரியாத மாமனாரும் வெறும் மார்போடு ஆழமில்லாத பக்கம் இறங்கி நின்றார்.

அன்று மாலை மாமியாரும் மருமகளும் சட்டைகளைக் குவித்துவைத்துத் தையல் பிரித்தார்கள். மாமியாரின் மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது. எந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நூலைப் பல்லால் கடித்து இழுத்தார்.

"என்னம்மா இது, இவ்வளவு கெட்டியா தச்சிருக்கே? பிரியவே மாட்டேங்குது."

"நீங்க திட்டும்போதெல்லாம் உள்ள போய் மேல ஒரு வரிசை தச்சேன், அத்தை."

மாமியார் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"அப்படின்னா இது இந்த ஜென்மத்துல பிரியாதுடி" என்று அழுதுகொண்டே சிரித்தார்.