முட்டிச்சுமை

தேவாலயத்து அசன விருந்துப் பந்தலில் நாற்காலிகள் இல்லை. ஊரே நின்றபடி சாப்பிட்டது. இடுப்புப் பட்டையிலிருந்து குதிகால் வரை இறங்கும் இரண்டு தண்டுகளைப் பூட்டிவிட்டால், நிற்பதற்கும் உட்காருவதற்கும் வித்தியாசம் தெரியாது. அதற்குத் தாங்கி என்று பெயர். உடம்பின் பாரத்தை முட்டிக்குத் தராமல் நேராகத் தரைக்கு இறக்கிவிடும். கழற்றி வைத்தாலும் இரண்டு காலில் தானாக நிற்கும்.

“மைனி, இன்னும் ரெண்டு துண்டு வைக்கேன்.” கறிவாளியோடு வந்து நின்றாள் பியூலா, ரூபாவதியின் நாத்தனார்.

“போதும்ட்டி. வயிறு வெடிச்சிரும்.”

“வெடிச்சா தச்சுக்கிடலாம். நீங்களா சுமக்கப் போறிய? தாங்கிதான சுமக்கு!”

அசனம், கல்யாணம், இழவு விழுந்த துட்டி வீடு என்று எங்கு போனாலும் பரிமாறுகிறவர்கள் இதையேதான் சொன்னார்கள். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ரூபாவதியின் தட்டில் இரண்டு துண்டுகள் விழுந்தன.

பியூலா தன் பட்டையின் முகப்பைத் தட்டிக் காட்டினாள். அதில் ஏழு என்று ஒளிர்ந்தது. “பாத்தியளா? ஏழுதான்!”

ரூபாவதியின் பட்டையில் ஒன்பது. முட்டி உண்மையில் சுமப்பது எத்தனை கிலோ என்ற கணக்கு அது. முட்டிச்சுமை என்பார்கள். உடம்பின் எடையை இப்போது யாரும் கேட்பதில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தைக் கண்ணால் கண்டே பல வருடங்கள் ஆகிவிட்டன.

பக்கத்தில் நின்றிருந்த மகள் எப்சிபா உள்ளங்கையை விரித்து நீட்டினாள். என்ன நடக்கிறது என்று கேட்கிறாள்.

எப்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஏழு வயதில் பார்வையும் போயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு உலகம் என்பது அம்மாவின் விரல்கள்தான். கட்டைவிரல் மேட்டில் ஒரு தட்டு என்றால் அம்மா. மூன்று விரல்கள் சரசரவென்று இறங்கினால் மழை. சுண்டுவிரல் நுனியில் கிள்ளினால் பியூலா அத்தை. எழுத்துகளை அழுத்திக் காட்டும் கையுறை ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். எப்சி அரை நாளில் கழற்றி வீசிவிட்டாள். அதற்குக் கிள்ளத் தெரியவில்லை.

பியூலாவின் முந்தானை குழம்பு வாளிக்குள் கிடந்தது. அதைச் சொன்னால் எப்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். ரூபாவதி கிள்ளப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. இன்னொரு முறை முயன்றாள். கணுக்கள் புடைத்த விரல்கள் உள்ளங்கையில் கட்டை போல உரசின.

எப்சி புருவத்தைச் சுருக்கினாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டாள். என்ன? யாரு?

ரூபாவதி விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

தாங்கி வாங்கியதே எப்சிக்காகத்தான். முட்டி தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசி, வாசல்படி இறங்கவே ரூபாவதிக்கு உயிர் போய் உயிர் வந்த காலம் அது. அம்மா நகராவிட்டால் எப்சியும் நகர முடியாது. தாங்கி வந்த அன்று இருவரும் கடற்கரை வரை நடந்தார்கள். அலை எவ்வளவு உயரம், படகுக்கு என்ன நிறம் என்று வழியெல்லாம் மகளின் உள்ளங்கையில் பேசித் தீர்த்தாள். அப்போது வலியே இல்லை.

மறுநாள் டாக்டர் ஆரிஃபாவைப் பார்க்கப் போனாள். உதவியாளர் முதலில் பட்டையைத்தான் பார்த்தார். “ஒன்பது. அருமை.”

டாக்டர் பார்த்தது விரல்களை. ஒவ்வொரு கணுவையும் தொட்டுப் பார்த்தார். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து தட்டையான ஒரு பழைய இயந்திரத்தை இழுத்துப் போட்டார். எடை பார்ப்பது.

“தாங்கியைக் கழட்டிட்டு ஏறுங்க.”

பூட்டைத் திறக்க அணிந்தவரின் இரண்டு கட்டைவிரல்களும் ஒரே நேரத்தில் பலமாக அழுத்த வேண்டும். கூட்டத்தில் யாராவது கழற்றிவிட்டு ஆளைச் சாய்த்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார்கள். ரூபாவதி அழுத்தினாள். வலியில் கண்ணீர்தான் வந்தது.

“தூங்கும்போது?”

“இப்பல்லாம் கழட்டுறதில்ல, டாக்டரம்மா. போட்டுக்கிட்டேதான் படுக்கேன்.”

“சரி, அப்படியே ஏறுங்க. இதோட எடையைக் கழிச்சுக்கலாம்.”

தெரிந்த எண்ணை ரூபாவதி இரண்டு முறை படித்தாள். தாங்கி வாங்கிய நாளில் இருந்ததைவிட அவளுக்குள் பாதி ஆள் கூடியிருந்தான்.

“நான் கையால நடக்கலியே, டாக்டரம்மா. கை ஏன் தேயுது?”

“அதைத்தான் யாரும் கேக்கல. பாரம்தான் முட்டியைத் தின்னுதுன்னு நெனச்சு இதைச் செஞ்சாங்க. பாரமும் தின்னும்தான். ஆனா கொழுப்பு சும்மா கட்டிப் போட்ட மூட்டை இல்லம்மா. வீக்கம் வர வைக்கிற பொருள்களை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். ரத்தம் முட்டிக்கு மட்டுமா போகுது?”

“மருந்து?”

“வலி கொறையும். போன விரல் வராது. மிச்சத்தைக் காப்பாத்தணும்னா உடம்பு கொறையணும். அதுக்கு நீங்க உங்க கால்ல நடக்கணும். ஆனா அவசரப்பட்டுக் கழட்டிடாதீங்க. தொடையில தசையே இருக்காது. இங்க வந்து, கம்பியைப் புடிச்சு, மெதுவா பழகணும்.”

“நாளைக்கே வாரேன்.”

டாக்டர் வெளியே கையைக் காட்டினார். வராந்தா முழுக்கத் தாங்கிகள் வரிசையாக நின்றன. எல்லாருடைய கைகளிலும் கட்டு. “இவங்க எல்லாருக்கும் அப்புறம்தான். அடுத்த வருஷம் ஆயிடும்.”

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தாள். இடது கையில் ஆள்காட்டி விரல் இன்னும் மடங்கியது. வலது கையில் இரண்டு. அடுத்த வருஷம் வரை அவை இருக்குமா? கம்பி இல்லாவிட்டால் சுவரைப் பிடித்துப் பழக வேண்டியதுதான்.

பிற்பகல் வெயில் தரையில் கிடந்தது. ரூபாவதி எப்சியின் கைகளைப் பிடித்துப் பட்டையின் பூட்டில் வைத்தாள். தன் கட்டைவிரல்களைப் பூட்டின் மேல் பொருத்தி, அவற்றின் மேல் மகளின் கட்டைவிரல்களை வைத்தாள். பிறகு, இருக்கிற விரலால் அவள் புறங்கையில் ஒரு சொல் எழுதினாள். அழுத்து.

எப்சிக்குப் புரிந்தது. நல்ல பலமான கைகள். அழுத்தினாள்.

ரூபாவதி அலறினாள். எப்சிக்கு அது கேட்காது. இன்னும் பலமாக அழுத்தினாள். கட்டைவிரலுக்குள் ஏதோ நொறுங்கியது. பூட்டு திறந்தது.

ஒரு கணம் தன் காலில் நின்றாள். அத்தனை வருடப் பாரமும் ஒரே நேரத்தில் முட்டியில் இறங்கியது. கால்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. சுவரை எட்டிப் பிடிக்கப் போனாள். விரல்கள் எதையும் பற்றவில்லை.

தரையில் கிடந்து பார்த்தாள். வலது கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. கைகள் இரண்டும் உடம்புக்கு அடியில் சிக்கிக்கொண்டிருந்தன.

“எப்சி” என்றாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

எப்சி சிரித்த முகத்தோடு முன்னால் துழாவினாள். பட்டை கையில் பட்டது. தண்டுகள் பட்டன. எல்லாம் அம்மா நிற்கும் இடத்தில், அம்மா நிற்கும் உயரத்தில் இருந்தன. நிம்மதியாக உள்ளங்கையை விரித்து அதன் முன்னால் நீட்டினாள்.

முகப்பில் எண் மாறியது.

“உங்கள் முட்டிச்சுமை பூஜ்யம்” என்றது தாங்கி. “வாழ்த்துகள்.”

எப்சி நீட்டிய கையை மடக்கவில்லை.