தகரத்துக்கு அந்தப் பக்கம்

என் தங்கச்சி புருஷன் தானியேல் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய சாயங்காலம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், உருக்காலைப் புகை எந்நேரமும் கூரைமேல் படுத்துக்கிடக்கும் தெருவில் அவர்கள் வீடு. வந்தது ஒரு பழைய டீசல் பிக்கப். முகப்பு விளக்கில் ஒன்று இல்லை. ஒரு பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். காக்களூரில் காயலான் கடை ஒன்றில் வருஷக்கணக்காகக் கிடந்ததாம். இவன் இறங்கி நின்ற தோரணையைப் பார்த்திருக்க வேண்டும், கப்பலை ஓட்டி வந்தவன் மாதிரி!

"இன்னாடா இது? துருப்புடிச்ச டப்பாவ இட்டுக்கினு வந்துகிற?" என்றேன்.

"கொஞ்ச நாள் பொறு மச்சான். அப்பால பாரு, ரோட்ல போறவன்லாம் திரும்பித் திரும்பிப் பாப்பான்."

"பாப்பான். பாத்துட்டு சிரிப்பான்."

உள்ளேயிருந்து என் தங்கச்சி சாராள் வந்தாள். இடுப்பில் அவர்கள் பெண் மெர்சி. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்திருந்தாள் என்றால், அன்றைக்கும் குழந்தைக்கு வீசிங் என்று அர்த்தம். அந்தத் தெருவின் புகை அதன் நெஞ்சுக்கு ஆகவில்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பெல்லாம் தெரியும். அதைக் கைராசியாகப் பார்க்கும் டாக்டர் திருவள்ளூரில் இருந்தார். அங்கே போக பஸ் மாறி மாறிப் போவதற்குள் சாராளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

"கொயந்தைக்குத்தான் வாங்கினேன்" என்றான் தானியேல். "இனிமே பஸ் இல்ல. நைனா வண்டிலயே போலாம். இன்னாம்மா?"

மெர்சி தலையாட்டியது. பேச மூச்சு போதவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச், பிறகு வண்டி. நான் ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் என்பதால் என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டான். இன்ஜினைப் பிரித்தோம், கூட்டினோம். நசுங்கிய காரொன்றிலிருந்து இரண்டு தனித்தனி சீட்டை வாங்கி வந்து கேபினில் முடுக்கினான். நீளசீட்டு போனதால் முன்னால் இனி இரண்டு பேர்தான். கேபினில் டீசல் வாடை அடித்தால் மெர்சிக்கு இழுப்பு வந்துவிடும் என்று பின்பக்கம் தார்ப்பாய்க் கூண்டு கட்டி, மெத்தை தைத்த பெஞ்சு போட்டான். ஆரஞ்சு பெயின்ட், பெரிய டயர், கூரைமேல் வரிசையாக விளக்கு. சொல்லக்கூடாது, வண்டி அழகாகத்தான் ஆனது. தெருவில் திரும்பினால் பையன்கள் கை காட்டிக் கத்துவார்கள். இவனும் ஹாரன் அடித்துக் கையசைப்பான்.

சத்தம் வந்தது அதன்பிறகுதான்.

முதல் தடவை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். கவரைப்பேட்டை பக்கம் போகும்போது எங்கள் முதுகுக்குப் பின்னால், கேபின் தகரத்தில்,

டப். டப். டப்.

தானியேலின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. இந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான். வேலையாட்கள் பிக்கப்பின் பின்னால் நின்றுகொண்டு கம்பெனிக்குப் போய் வருகிற ஊர் இது. பின்னால் இருப்பவன் கேபினைத் தட்டினால் நிறுத்தவேண்டும் என்பது ஓட்டுகிறவனுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

ஆனால் பின்னால் யாரும் இல்லை.

"கேபின் ரப்பர் போயிருக்கும்" என்றேன். ரப்பரை மாற்றினோம். மறுபடியும் டப் டப். ஸ்பிரிங் புஷ்ஷை மாற்றினோம், பாடி போல்ட்டையெல்லாம் இறுக்கினோம், சைலன்சர் தொங்கலை மாற்றினோம். வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தோம். எதிலும் ஆட்டமே இல்லை. தானியேல் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். சோறு தண்ணி இல்லாமல் அந்தச் சத்தத்தையே பேசினான். எனக்கும் பேஜாராகிவிட்டது. கடைசியில், "நீ ஓட்டு. நான் பின்னால குந்திக்கினு எங்கேர்ந்து வருதுன்னு பாக்கறேன்" என்றேன்.

மெத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து தகரத்தில் காதை வைத்துக்கொண்டு போனேன். இன்ஜின் சத்தம் தவிர எதுவும் இல்லை. கூண்டுக்குள் மட்டும் என்னவோ ஈரத்துணி வாடை. திடீரென்று வண்டியை ஓரங்கட்டினான். இறங்கி வந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாத்துக்கு மச்சான் அந்த அடி அடிக்கற?"

"நான் எங்கடா அடிச்சேன்?"

தகரத்துக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்காதது, அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. நாங்கள் நின்றிருந்த இடத்தில் ஒரு ஆஸ்பத்திரி போர்டு இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கவரைப்பேட்டையில் கேட்டதும் ஆஸ்பத்திரி வாசலில். பெரியபாளையத்தில் கேட்டதும் அப்படித்தான்.

காக்களூருக்குப் போய் விசாரித்தோம். வண்டியை முன்பு ஓட்டியவன் பெயர் பரசுராமன். தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டதும் மறைக்கக்கூட இல்லை.

"லேபர் கான்ட்ராக்டர் வண்டிபா அது. ஒரு ஷெட்டுல லோடு சரிஞ்சி ஒருத்தன் மேல வுயிந்திச்சி. வெளியூர்க்காரன். அவன் பொண்டாட்டியும் அங்கயே பெருக்கற வேல. ரெண்டு பேரையும் பின்னால ஏத்தினோம். அவன் ரத்தத்த ஈரத்துணியால அமுக்கிக்கினு குந்தினா. இங்க எந்த ஆஸ்பத்திரிக்கும் போவாத, கேஸாவும், ஆந்திரா பார்டர் தாண்டி எங்கனா எறக்குன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டான். எனக்கு இன்னா? ஓட்டனேன்."

"அந்தம்மா?"

"ஆஸ்பத்திரி போர்டைப் பாத்தா போதும், தட்டுவா. பெரியபாளையத்துல தட்டினா. கவரப்பேட்டைல தட்டினா. கும்முடிப்பூண்டில தட்டின தட்டுல தகரமே பிச்சிக்கும் போல. தட்டினா தட்டிக்கோன்னு பாட்ட சத்தமா வெச்சிட்டேன்." இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். "பார்டர் தாண்டி தடா போறதுக்குள்ள அவன் காலி. அவ கை ரெண்டும் வீங்கி பன்னு மாதிரி ஆயிட்சி. அன்னிக்கே அவளும் ரயில்ல தலைய குட்த்துட்டான்னு கேள்விப்பட்டேன்."

"நீயெல்லாம் மனுசனாடா?" என்று கத்திவிட்டேன். அவன் என்னை ஒரு ஈயைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுச் சட்னி கேட்டான்.

வண்டியை விற்றுவிடச் சொன்னேன். சாராள் அழுதாள். தானியேல் கேட்கவில்லை. அவனுக்குப் பயம் ஒருபக்கம் இருந்தாலும், கோளாறைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி அதைவிடப் பெரிதாக இருந்தது. "அவளுக்கு வண்டி நிக்கணும், அவ்ளோதான் மச்சான். தட்டினா நிறுத்தறேன். ரெண்டு நிமிசம் நின்னுட்டுப் போறேன்." அப்படியே செய்தான். சத்தமும் ஒவ்வொரு தடவையும் ஒருமுறை தட்டிவிட்டு அடங்கியது.

ஒன்றே ஒன்றுதான் அவனால் தாங்க முடியவில்லை. கேபினுக்குப் பின்னால் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. தட்டும்போது அந்தக் கண்ணாடியில் என்ன தெரியுமோ என்று பயந்தான். கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தகரம் வைத்து வெல்டிங் அடித்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மெர்சிக்கு இழுப்பு வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் திருவள்ளூர் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று கிளம்பினோம். சாராள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். நானும் ஏறப் போனேன்.

"நீ முன்னாடி குந்துண்ணா. கொயந்த கால நீட்டிப் படுக்கட்டும்."

தானியேல் கூண்டுக்குள் தலையை நீட்டினான். "ஜாஸ்தியாச்சின்னா தட்டு சாராள். அந்த நிமிசமே நிறுத்தி, எந்த ஆஸ்பத்திரி பக்கத்துல கீதோ அங்க வுட்டுர்றேன். இன்னா?"

"தட்றேன். பாட்டு கீட்டு போட்டுறாத."

அவன் போடவில்லை. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், பாட்டு போடவில்லை. நாங்கள் பேசக்கூட இல்லை. இரண்டு பேரும் காதை முதுகில் வைத்துக்கொண்டுதான் போனோம்.

தச்சூரில் திரும்பினோம். பெரியபாளையத்தில் கோயில் கூட்டம், வேப்பிலையும் மஞ்சளுமாக ரோடு நிறைந்திருந்தது. வண்டி மெதுவாக ஊர்ந்தது. ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பூக்காரம்மா எங்களைப் பார்த்து வாயைத் திறந்து என்னவோ கத்திக்கொண்டே கையைக் காற்றில் படபடவென்று அடித்துக் காட்டினாள். இரண்டு பையன்கள் கூடவே ஓடிவந்து பின்பக்கத்தைக் காட்டினார்கள். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"சொன்னேன் இல்ல மச்சான், எல்லாம் திரும்பிப் பாப்பான்னு" என்று தானியேல் சிரித்தான். ஹாரன் அடித்துக் கையசைத்தான்.

நானும் சிரித்தேன்.

கூட்டம் விலகியது. ஆஸ்பத்திரி போர்டு வந்தது. வழக்கமாகத் தட்டும் இடம். தானியேல் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தான்.

ஒன்றும் இல்லை.

"பாத்தியா" என்றான், நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு. "இன்னிக்கி கம்முனு கீறா. கொயந்த இருக்குதில்ல, அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்."

வண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டியது. எங்கள் கழுத்துக்குப் பின்னால் ஈரத்துணி வாடை அடித்தது. ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

திருவள்ளூரில் டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தி, நான்தான் போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன்.

சாராள் எங்களுக்கு முதுகைக் காட்டி முட்டி போட்டிருந்தாள். கேபின் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். வண்டி நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். உடைந்த வளையல் மணிக்கட்டில் குத்தி, ரத்தம் முழங்கைவரை வழிந்திருந்தது. தகரம் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போய் வந்தது.

இரண்டடி தள்ளி நின்ற எனக்கு அவள் அடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

மெர்சி பெஞ்சில் படுத்திருந்தது. உதடு நீலமாகி, கண் பாதி திறந்திருந்தது.

"பெரியபாளையத்துலயே காட்டியிருந்தா பொழைச்சிருக்கும். ஏன் நிறுத்தல?" என்று டாக்டர் கேட்டார். அதையேதான் சாராளும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டாள், கல்லறையில் கேட்டாள், மண் போட்ட பிறகும் கேட்டாள். கேட்கவில்லை என்று தானியேல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? பழைய சத்தம் என்று நினைத்து அலட்சியமாக விட்டுவிட்டான் என்று உறவெல்லாம் பேசியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துத்தான் பேசியது. எனக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை.

அடக்கம் முடிந்த வாரத்தில், பட்டப்பகலில், சாராள் விறுவிறுவென்று வண்டியிடம் போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். பின்பக்கத் தகரம் முழுக்க அவள் கை விழுந்த குழிகள்.

"இத்தினி குழி வுயிந்துகீது. ரெண்டு ஆம்பளைங்களுக்குக் கேக்கல? சொல்லுண்ணா, கேக்கல?"

கேபின் கதவைத் திறந்தாள். உள்பக்கம், தானியேல் கறுப்பு பெயின்ட் அடித்திருந்த தகரத்தில், எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவே அந்தக் குழிகள் எல்லாம் கொப்புளமாகப் புடைத்திருந்தன. ஒவ்வொரு கொப்புளத்தின் மேலும் ஓர் உள்ளங்கை அச்சு. விரல்கள் விரிந்து, தகரத்தோடு அழுந்தி. எவர்சில்வர் தட்டு கீழே விழுந்து அதிரும்போது கை வைத்து அமுக்குவோமே, அந்த மாதிரி. ஒரு அடிகூடத் தப்பாமல் அமுக்கியிருந்தது.

"கைய வெச்சி அமுக்கிக்கினு வந்துகிறீங்க" என்றாள் சாராள். "எம்புள்ள மூச்சுக்கு அல்லாடுது, நீங்க அமுக்கிக்கினு வந்துகிறீங்க."

"ஐயோ, இல்ல சாராள்!" தானியேல் பாய்ந்து உள்ளே ஏறித் தன் கையை அச்சின் மேல் வைத்துக் காட்டினான். அவன் கை பெரிதாக இருந்தது. அச்சு அதற்குள் மறைந்தே போனது. நானும் வைத்தேன். என் கையும் பெரிதுதான். அது ஆம்பளைக் கை அச்சே இல்லை.

சாராள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எங்களை விலக்கிவிட்டு ஏறி, இரண்டு சீட்டுக்கும் நடுவே முட்டி போட்டாள். இன்னும் வீக்கம் வற்றாத வலது கையை விரித்து, ஓர் அச்சின் மேல் வைத்தாள்.

வீங்கிய கைக்கு வீங்கிய கை. விரலுக்கு விரல் பொருந்தியது.

அவள் கையை எடுக்கவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"இப்பதான் கைய எடுத்தா மாதிரி சூடா கீதுண்ணா."